இரண்டு வரிசை உளுந்து

கிழிந்த பச்சை வலை வழியே வெயில் ஒழுகுகிறது. வெளியே கோரிமேட்டு பஸ்ஸின் ஹாரன் ஓயாமல் அலறுகிறது. வேளாண் கல்லூரியின் பின்பக்கம், பழைய பெயிண்ட் டப்பாக்களில் இரண்டு வரிசை உளுந்துச் செடிகள். வலது வரிசைக்குத் தண்ணீர் உண்டு, இடது வரிசைக்குக் கிடையாது. தண்ணீர் இல்லாத பயிர் என்ன பாடுபடும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என பிரிஸ்கில்லா டீச்சர் வைத்தவை. இலையின் ஈரத்தை அளக்கும் கருவி பழுதாகிக் கிடக்கிறது; இன்றைய பாடத்துக்கு அவளிடம் இருப்பது இந்தச் செடிகள்தான். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதில் இரண்டு வரிசையும் ஒன்றுபோலத் தலை தொங்கி நிற்கின்றன. தோட்ட வேலை செய்யும் தையல்நாயகி, எதிர் டீக்கடையில் கெஞ்சி வாங்கிய அரைக்குடம் தண்ணீரோடு மூச்சு வாங்க வருகிறாள்.

“வலது பக்கம் மட்டும் ஊத்துங்கக்கா,” என்கிறாள் டீச்சர்.

“இந்தப் பக்கம் இன்னா பாவம் பண்ணுச்சி, டீச்சரம்மா?”

“அது காஞ்சாதாங்க்கா எனக்குப் பாடம்.”

தையல்நாயகி இடது பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுகிறாள். மண் சொர்ரென்று உறிஞ்சுகிறது. குடம் காலியான பிறகும் ஓர் இலைகூட நிமிரவில்லை. பிள்ளைகள் வந்து சுற்றி நிற்பதற்குள் மேல்மண்ணும் காய்ந்து வெளுத்துவிடுகிறது. விக்ரம் குனிந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறான்.

“மேடம், இதுல தண்ணி ஊத்தாதது எந்த வரிசை?”

காட்டுவதற்கு எழுந்த டீச்சரின் கை நடுவிலேயே நிற்கிறது. தையல்நாயகி காலிக் குடத்தை இன்னொரு தரம் கவிழ்த்துப் பார்க்கிறாள்.