கட்டிப்போட்ட மேகம்

"நேத்து எங்க மொட்டமாடியில ஆலங்கட்டி மழை! ஒவ்வொண்ணும் கொழுக்கட்டை அளவு!" என்று தோஹா மீன்கடையில் ரோஸ்லினிடம் மெல்பா அளந்துவிட்டாள்.

அந்தப் பாலைவனக் கடற்கரையில் இப்போது வீட்டுக்கு வீடு மாடியில் கயிறு கட்டி மேகம் வளர்க்கிறார்கள். கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து எதிர்வீட்டு மெல்பாவின் மேகம் எருமையாய்க் கொழுத்திருந்தது. ரோஸ்லினின் மேகமோ எலும்பும் தோலும். ஒரு சொட்டு விட்டதில்லை. உப்பு மண்ணில் அவளுடைய முருங்கைக் கன்று கருகிக்கொண்டிருந்தது.

"புளுகுணி! நானே பாத்துட்டு வாறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, வயிறெரிய மெல்பாவின் மாடிக்கே ஏறினாள் ரோஸ்லின்.

திரும்பும்போது நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம்.

"என்ன பிள்ளே, பெஞ்சுதா?"

"உள்ளதுதான், கேட்டியளா. பெய்யுது" என்று விசும்பினாள். "கயித்த அவுத்துக்கிட்டு நம்ம மேகம்லா அங்க போய்ப் பெய்யுது!"