பிரான்ஸ்காரி

பெட்டியைக் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் யூஜினி மகளுக்குப் போன் எடுத்தாள்.

"ஸ்டெபனி, கொப்பருக்கு பிரான்சில ஒரு பொம்பிளை இருக்கு. நான் உன்னோட விட்பியில வந்து இருக்கப்போறன். வந்து கூட்டிக்கொண்டு போ."

ஸ்டெபனி சிரித்துவிட்டாள். "அப்பாவுக்கா? நோ வே! பக்கத்தில இருக்கிற றிச்மண்ட் ஹில்லுக்கே அவருக்கு ஜிபிஎஸ் இல்லாமப் போகத் தெரியாது."

"சிரிக்காத. தடயம் எல்லாம் என்னட்ட இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை. ஸ்டெபனி பெற்றோரின் மார்க்கம் வீட்டுக்கு வந்து மணியை அடித்தாள். மறுபடியும் அடித்தாள். வாசலுக்குப் பக்கத்து ஹோலில், சோஃபாவில் இருந்த தகப்பன் சீமோன் அசையவே இல்லை. யூஜினிதான் மேல்மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"பாத்தியே? பெத்த பிள்ளை வந்து நிண்டாலும் எழும்பமாட்டார். அவ்வளவுக்கு மயங்கிப்போய் இருக்கிறார்."

சீமோனின் கண்கள் ரீவியை விட்டு விலகவில்லை. பழைய துப்பறியும் நாவல்களை வைத்து எடுத்த பிரெஞ்சுத் தொடர் அது. தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் மழையில் நனைந்தபடி ஒரு மாளிகைப் படியில் ஏறினார். சிவப்புக் கோட்டு அணிந்த ஒருத்தி கதவைத் திறந்து ஏதோ சொன்னாள். கீழே ஆங்கில எழுத்து ஓடியது.

யூஜினி மகளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வின்ரர் தொடங்கினதில இருந்து உதே தொடர்தான். தமிழ்ப் படம் போட்டா எழும்பிப் போயிடுறார். எனக்குக் கேக்கக்கூடாதெண்டு சத்தத்தையும் நல்லாக் குறைச்சு வைச்சிருப்பார்."

"அதுக்கென்ன?"

"பிரெஞ்சு படிக்கிறார், பிள்ளை! அவளோட கதைக்கிறதுக்கு. போன் அடிச்சா எடுக்கிறேல்லை. ஆனா ஒரு மூலையில இருந்து சிரிச்சுச் சிரிச்சு மெசேஜ் மட்டும் எழுதுவார்."

ஸ்டெபனிக்கு அது கொஞ்சம் உறைத்தது. அவளுடைய அழைப்புகளுக்கும் அப்பா இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. 'என்ன பிள்ளை, எழுது' என்று ஒரு வரி அனுப்பிவிடுவார்.

"கோயில் பாட்டுக் குழுவையும் விட்டிட்டார். பாஸ்காத் திருநாளுக்கு இவரின்ர குரல் இல்லாமப் பூசை நடந்ததே இல்லை. ஃபாதர் கேட்டதுக்கு, நேரமில்லையாம்!" யூஜினி தேநீரை வேகமாக ஆற்றினாள். "அதை விடு. இப்ப நான் என்ன சொன்னாலும் ஓம், ஓம் எண்டு தலையாட்டுறார். கலியாணம் கட்டின நாளில இருந்து ஒண்டுக்கும் லேசில ஓம் சொல்லாத மனுசன்!"

"அது நல்லதுதானே, அம்மா?"

"குற்றம் செஞ்சவன்தான் திடீரெண்டு நல்லவனா நடப்பான். போன கிழமை வந்த பல் டொக்ரரும் அப்பிடித்தான். பெண்சாதிக்கு நெடுகப் பூங்கொத்து. கடைசியில பாத்தா அவன்தான் கொலைகாரன்."

"ஓ, நீங்களும் அந்த ஷோ பாக்கிறனீங்களா?"

"நான் கொப்பரைத்தான் பாக்கிறனான்," என்றாள் யூஜினி. "இடைக்கிடை ரீவியையும்."

ஸ்டெபனிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாயின் கண்கள் நிறைந்திருந்தன.

"பகிடி இல்லை, பிள்ளை. நான் கதைக்கேக்க என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறார். ஆனா நான் சொல்லுற ஒண்டும் அவருக்குள்ள போகேல்லை."

"ஓகே அம்மா, வாங்கோ. நேராவே கேப்பம்."

இருவரும் ஹோலுக்குப் போனார்கள். சோஃபாவுக்குப் பின்னால் நின்று யூஜினி கேட்டாள். "யாரவள்?"

சீமோனின் தலை திரும்பவில்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "யாரவள் எண்டு கேக்கிறன்!"

சீமோன் திரையில் இருந்த சிவப்புக் கோட்டுக்காரியைக் காட்டினார். "உவளோ? உறுதி எழுதுற நொத்தாரிசின்ர தங்கச்சி. உவள்தான் நஞ்சு வைச்சவள், இருந்து பாரும்." பிறகுதான் மகளைக் கண்டார். முகம் மலர்ந்தது. "அட, நீ எப்ப வந்தனீ?"

யூஜினி ரிமோட்டைப் பறித்து ரீவியை நிறுத்தினாள். அவருடைய முகத்துக்கு நேரே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"உங்களுக்கு ஒரு சொல்லுப் பிரெஞ்சு தெரியாது! எத்தினை நல்ல தமிழ்ப் படம் கிடக்கு, உந்தப் பிரான்ஸ்காரியளில என்னத்தைக் கண்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் இப்பவே விட்பிக்குப் போறன்!"

அப்போதுதான் வாசலில் இருந்த பெட்டி சீமோனின் கண்ணில் பட்டது. பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசிக் காட்சியில் மாட்டிக்கொண்ட கள்ளனைப் போல ஓர் அசட்டுச் சிரிப்பு அவர் முகத்தில் மெல்லப் பரவியது. யூஜினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"தமிழ்ப் படத்துக்கு எழுத்துப் போட்டுப் பாத்தா, எனக்குக் காது கேக்கிறேல்லை எண்டு நீர் கண்டுபிடிச்சிடுவீரே!"