ஒட்டாமல் போன ஆன்டிபாடி

ஆய்வகக் குளிர்பெட்டியில் ஓர் ஆன்டிபாடி இருந்தது. பாலைச் செரிக்கும் நொதியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

பசும்பால் குடித்தாலே வயிறு வலித்து அழும் ஒரு குழந்தையின் குடல் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன் மேல் அதை விட்டார்கள். மூலைமுடுக்கெல்லாம் தேடியது. அந்த நொதி இல்லவே இல்லை.

அங்கே இருந்த, சர்க்கரையைச் செரிக்கும் நொதிக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, என்னையாவது பிடிச்சுக்கோ. இல்லைன்னா உன்னைக் கழுவி விட்டுடுவாங்க."

"சாயம் ஊத்தினா நான் ஒட்டின இடம் பழுப்பாயிடும், அண்ணே. அதைப் பார்த்து, குழந்தைக்குப் பால் செரிக்கும்னு நம்பி மறுபடியும் புகட்டிடுவாங்க."

கழுவும் நீர் வந்தது. ஆன்டிபாடி அதோடு போய்விட்டது.

டாக்டர் பழுப்பே இல்லாத கண்ணாடித் தகட்டைப் பார்த்துவிட்டு, குழந்தையின் அம்மாவிடம் சொன்னார். "ஒண்ணுமே ஒட்டலை. பசும்பாலை நிறுத்திடும்மா."

அன்று குழந்தை சர்க்கரை போட்ட கஞ்சியைக் குடித்துவிட்டு, அம்மா மடியிலேயே தூங்கிப்போனது.