தங்கியிருந்தவர்

அவள் காகிதத்தைப் படித்து முடித்து மேசையின் நடுவே தள்ளினாள்.

கையெழுத்துப் போடவில்லை.

சமரச மையத்தின் அறை சிறியது. ஒரு வட்ட மேசை. ஒரு பக்கம் அவள். எதிரே, இறந்துபோன கணவரின் தம்பி கலியமூர்த்தி. நடுவில் சமரசர், ஒரு மூத்த பெண் வழக்கறிஞர். வழக்கை இங்கே அனுப்பியது நீதிமன்றம். இருதரப்பு வக்கீல்களும் வெளியே நின்றார்கள்.

காகிதத்தில் இருந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆயுள் உள்ளவரை அவள் அந்த வீட்டில் இருக்கலாம். அதன்பிறகு வீடு கலியமூர்த்தியின் மகன்களுக்கு. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

'மனிதாபிமான அடிப்படையில்' என்று முதல் வரியில் இருந்தது.

அவளுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

கலியமூர்த்தி போட்ட வழக்கின் இரண்டாம் பத்தி அவளுக்கு மனப்பாடம். என் அண்ணன் வைத்திலிங்கம் மணமாகாமலே காலமானார். எதிர்வாதி அவருடன் தங்கியிருந்தவர்.

நாற்பத்தொன்பது ஆண்டுகள்.

சத்திரத்தில்தான் தங்குவார்கள்.

சமரசர் பொறுமையானவர். இது சரிவரவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன என்றார். அடுத்த மாதம் மக்கள் நீதிமன்றம் கூடுகிறது. அங்கே வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும், மேல்முறையீடு கிடையாது. வீட்டைப் பற்றி முடிவுசெய்ய இருவரும் ஒப்புக்கொள்கிற நடுவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். சொந்தத்தில் பெரியவர்கள் பேசி முடித்தால் அதையே நீதிமன்றம் தீர்ப்பாக்கித் தரும். எதுவும் வேண்டாம் என்றால் விசாரணை. அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. இத்தனை காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களைக் கணவன் மனைவி என்றே சட்டம் அனுமானிக்கும்.

"அனுமானமா?" என்றாள் அவள்.

சமரசர் விளக்க ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை.

திருமணம் நடந்தது. எழுபத்தொன்றாம் வருடம், தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, படிப்பகத்தின் மாடியில். புரோகிதர் இல்லை. தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள். உறுதிமொழி படித்தார்கள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். சட்டத்துக்கு அது போதும். பத்திரிகை அடிக்கவில்லை, படம் எடுக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. நாங்கள் சொன்னால் போதாதா என்று ஒரு வீம்பு.

வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள்.

ஒன்பதாவது ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். இங்கே பேசுவது வெளியே போகுமா என்று சமரசரிடம் கேட்டார். போகாது என்றார் சமரசர். இங்கே சொன்னதை யாரும் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல முடியாது. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

கலியமூர்த்தி அதை இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு மேசையைப் பார்த்தபடி பேசினார்.

"நான்தான் மாலை வாங்கிட்டு வந்தேன். பதிமூணு வயசு எனக்கு. அம்மா பாத்தா அடிப்பாங்கன்னு பைக்குள்ள மறைச்சு சைக்கிள்ல கொண்டாந்தேன். இந்த வழக்கை என் பசங்க எழுதிக் கொண்டாந்து நீட்டுனானுங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்குத் தெரியாதா அண்ணி?"

சமரசர் அவள் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அழவில்லை.

கலியமூர்த்தி சொன்னது அவ்வளவும் உண்மை. கதவைத் திறந்தால் எதற்கும் ஆகாது.

பூட்டிய அறைக்குள் மனைவி. வெளியே தங்கியிருந்தவள்.

"இதை அங்க வந்து சொல்லு. கூண்டுல ஏறி, சத்தியம் பண்ணிட்டு, பசங்களையும் கூட்டி வச்சுக்கிட்டுச் சொல்லு. அப்புறம் வீட்டை நீயே எடுத்துக்க."

சமரசர் இடையில் புகுந்தார். கலியமூர்த்தி கூண்டில் ஏறுகிற கட்டம் வரவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம். தீர்ப்பு அதற்கும் பிறகு. அம்மா தன் வயதையும் யோசிக்க வேண்டும்.

"எனக்கென்ன. எங்கம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்தாங்க."

படிவத்தில் 'சமரசம் ஏற்படவில்லை' என்ற கட்டத்தில் சமரசர் குறியிட்டார். அவள் முதலில் கையெழுத்திட்டாள். கலியமூர்த்தி பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அவரும் போட்டார்.

வெளியே இரண்டு மாடி இறங்க வேண்டும். அவள் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள்.

முதல் மாடித் திருப்பத்தில் கலியமூர்த்தி படியிலேயே உட்கார்ந்திருந்தார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். போன வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவருடைய வக்கீல் கவனிக்காமல் முன்னால் போய்விட்டிருந்தார்.

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அவர் குடித்தார்.

மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டாள். சில நாள் மறந்துவிடுகிறது என்றார்.

"மறக்காத கலியா. கூண்டுல ஏறுற அன்னிக்கு உனக்கு மூச்சு வாங்கக் கூடாது."

அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அவர் எழுந்திருக்கும்வரை அவள் அதே படியில் நின்றாள்.