கடல் பல்லிக்கு வைத்த பேர்

"மேல அவ்ளோ பெரிய எழுத்துல இருக்கு. அதை விட்டுட்டுக் கீழேருந்து படிக்கிறியே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கல்லுடைப்பவரின் குரலுக்கு அருங்காட்சியகக் கூடமே திரும்பிப் பார்த்தது. விளக்கப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. இது குவாரி இல்ல."

எதிரே சுவர் உயரத்துக்குச் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அதன் நடுவே, நீந்தும்போதே உறைந்துவிட்டதைப் போல ஒரு கடல் பல்லியின் எலும்புக்கூடு. நீண்ட மூக்கு, வரிசை குலையாத பற்கள். சுற்றிலும் சுருள் சுருளாய்க் கல்லாகிப்போன சங்குகள். அவர் வயிற்றுக்காகச் சம்மட்டி போடும் அதே குவாரியின் பாறைதான். அதற்குள் இதைக் கண்டுபிடித்து, முழுசாகத் தோண்டி எடுத்தவள் அவருடைய மகள். இன்று திறப்பு விழா.

உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத உயிர், அதற்குப் பேர் வைக்கும் உரிமை மகளுக்கு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் பொண்ணு பேரைத்தான் வைக்கப் போறாங்க, பாருங்கடா" என்று லாரி டிரைவரிலிருந்து வெடி வைப்பவன் வரை எல்லாரிடமும் மார் தட்டியாகிவிட்டது.

ஆனால் அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. அதை முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்புக்கொள்ள நாக்கும் வராது. மனைவி நாலெழுத்து படித்தவள்.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. இறந்த உயிர்கள் அடியில் விழுந்தன. அவற்றின் மேல் சேறு படிந்து படிந்து..."

"சேறு கிடக்கட்டும். பேரைச் சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நம்ம பொண்ணு பேருதானே?"

"இல்ல."

அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் பேரா?"

"அவர் பேரும் இல்ல."

"அப்போ எவன் பேருடி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சட்டைப் பையில் போன் அலறியது. குவாரியில் கல் நொறுக்கும் கிரஷர் ஓட்டுபவன்.

"என்னண்ணே, பேரைப் பாத்தாச்சா? இங்க மிஷினை நிறுத்திட்டு நிக்கிறோம். பொண்ணு பேருதானே? இல்ல, வழக்கம்போல அளந்து விட்டீங்களா?"

"வைடா போனை!"

கல் சுமப்பவன் ஒருத்தன், கல்லில் பேர் வெட்டிக்கொள்பவன் இன்னொருத்தன். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த உலகம் அதுதான். மகள் காலத்திலுமா அப்படி? கூட்டத்தை இடித்துக்கொண்டு போனார். பெரிய மனிதர்களுக்கு நடுவே நின்ற மகள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். கல்லுக்குள்ள கிடந்ததை வெளிய கொண்டாந்தவ நீ. உன் பேரை எவனுக்குத் தாரை வார்த்தே?"

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மகள் மட்டும் அசரவில்லை.

"எங்க தொழில்ல தன் பேரைத் தானே வச்சுக்கிறது அசிங்கம்ப்பா. மரியாதை செய்யணும்னு நினைக்கிறவங்க பேரைத்தான் வைப்போம்."

"அப்படி எந்த மகராசனுக்கு மரியாதை? அவன் இந்தப் பாறையில ஒரு சில்லாவது பேத்திருப்பானா?"

"நிறையவே பேத்திருக்கார். ஏன், அம்மா படிச்சுச் சொல்லலையா?"

"அவளா? பலகை பூராவும் படிக்கிறா. அந்த ஒத்தப் பேரை மட்டும் சொல்ல மாட்டேங்கிறா. வாய்க்குப் பூட்டு போட்டுட்டு நிக்கிறா."

மகள் எட்டிப் பார்த்தாள். பலகைக்குப் பக்கத்தில் அம்மா, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க நின்றிருந்தாள்.

"அவங்க எப்படிப்பா சொல்லுவாங்க? கல்யாணம் ஆன நாள்லேருந்து அம்மா வாய்விட்டுச் சொல்லாத பேர் இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணுதானே!"