கடை சாத்தும் நேரம்

பூமியில் பிறந்த எந்தத் திருடனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று கடைக்காரர் அறிவித்தார். களவு பெருகிய அந்தச் சின்ன ஊரில் மற்ற கடைகளுக்கெல்லாம் பூட்டு விழுந்தாயிற்று. மிஞ்சியிருந்த இவர் கடையிலும் தினமும் சோப்பு குறைந்தது. கேமரா வைத்தார். அதில் ஒருவரும் எடுப்பதாகத் தெரியவில்லை. சோப்பு மட்டும் குறைந்தது.

சாயங்காலம் ஷட்டரை இறக்குமுன் அவர் மனைவி ஆளில்லாத கடைக்குள் பார்த்து, “அண்ணே, சாத்தப் போறோம், வெளிய வாங்க” என்பாள்.

“உங்கண்ணனுக்கு ஆட்டோ பிடிக்கவா?” என்று சிரிப்பார்.

அவள் அம்மா வீட்டுக்குப் போன அன்று அவரே ஷட்டரை இறக்கினார். பாதியில், உள்ளிருந்து செருப்புச் சத்தம் அவசரமாக வாசலை நோக்கி வந்தது.

கடைக்காரர் தெருவின் இருபுறமும் பார்த்தார். ஷட்டரை மறுபடி தூக்கிப் பிடித்தார்.

“பார்த்து வாங்க மச்சான், தலையில இடிச்சிடும்.”