கயிற்றைக் கவ்விய குருவி

தபால் அலுவலகக் கவுண்டரில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. தையல் கடைக்காரி பட்டர் பேப்பரைப் பிரித்து, சின்ன இடுக்கியால் ஒரு வாழ்த்துத் தபால்தலையை எடுக்கிறாள். நீல வானத்தில் மஞ்சள் பலூன், அதன் கயிற்றைக் கவ்விப் பறக்கும் குருவி. முப்பது வருடம் ஆல்பத்துக்குள் கிடந்தும் சாயம் போகவில்லை. "எதுக்குக்கா இதெல்லாம்? மெஷின்லயே ஸ்டாம்பு அடிச்சுத் தர்றேனே" என்கிறாள் உள்ளே இருக்கும் ஊழியை. "அப்படி அனுப்பின மூணு லெட்டரையும் என் தம்பி பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டான். அவ்வளவு வீம்பு." அவள் தபால்தலையின் பின்புறத்தை ஈரப்பஞ்சில் ஒற்றி, உறையின் மூலையில் ஒட்டுகிறாள். "வாழ்த்து ஸ்டாம்புல இது ஒண்ணுதான் அவன்கிட்ட இல்ல. சின்ன வயசுல கேட்டுக் கேட்டு அழுவான். நான் கொடுக்கவே இல்ல." "இதுக்காகப் படிச்சிடுவாரா?" "ஸ்டாம்பை எடுக்க மூலையை வெட்டணும். வெட்டினா கவர் திறந்துடும்ல. கத்தரி படாம லெட்டரை இந்தப் பக்கமாத் தள்ளி வச்சிருக்கேன்." ஊழியை உறையை வாங்கிக்கொள்கிறாள். அதுவரை தொப்தொப்பென்று குத்திக்கொண்டிருந்த முத்திரைக் கட்டையைப் பழைய தாளில் இரண்டு தரம் அழுத்தி மையைக் குறைக்கிறாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாய்த்து, ஓரத்தில் மட்டும் தொடுகிறாள். குருவிக்குக் கீழே மெல்லிய கறுப்புப் பிறை ஒன்று விழுகிறது. சிறகில் ஒரு பொட்டு மை இல்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அவள் உறையைப் பையில் எறியாமல், உள்ளங்கையில் ஏந்தி, மை காயும்வரை ஊதுகிறாள்.